நான் யாரையும் இழுக்க மாட்டேன்

அந்த டிவியைக் கொஞ்சம் பாருங்கள். வெளியே என்ன பார்க்கிறீர்கள், பெரம்பலூர் தாண்டியாயிற்று, இனி வெறும் பொட்டல்தான். டிவியைப் பாருங்கள். அந்தக் கதாநாயகி நிஜத்தில் ஒல்லியான பெண். இந்த பஸ்ஸில் ஏறியதும் கன்னம் இரண்டும் இட்லியாகிவிட்டது. அந்த ஆளுக்குத் தோள் பீரோ அகலம், கால் முக்காலி உயரம். பழைய சதுரப் படத்தை நீள டிவியில் போட்டு, இரண்டு காதையும் பிடித்து இழுத்து விட்டிருக்கிறார்கள். ஏறும்போதே டிரைவரிடம் சொன்னேன். "படம் தெரியுதுல்லம்மா?" என்கிறார். தெரிகிறதா என்பதா கேள்வி?

உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா? இல்லையாம். சரி. ஊரில் யாருக்கும் இல்லை, எனக்கு மட்டும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன், உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குள் முடித்துவிடுவேன். நான் வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று மருமகள்கள். மூத்தவர் பெரியத்தான், அவர் மனைவி தெய்வானை அக்கா. நடுவில் என் வீட்டுக்காரர், நான். கடைசி என் கொழுந்தன் குமரன், அவன் மனைவி ரெஜினா. தூத்துக்குடிப் பெண், கிறிஸ்தவப் பெண், காதல் கல்யாணம். வந்தபோது வீட்டில் சின்னச் சலசலப்பு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கான்வென்டில் படித்தவள் நான், எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவர்கள் ஜெபமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவளைவிட நன்றாகவே சொல்வேன். இரண்டு தடவை அவள் முன்னால் சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

தெய்வானை அக்காவின் பையன் கல்யாணத்தில் எல்.இ.டி. சுவர் வைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் பெரிய வெளிச்சச் சுவர், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதில் தெரிவார்கள். அதில் நலங்கு வைக்கிற வீடியோ ஓடியது. நான் வருகிறேன். யாரோ செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ, அதைச் சுவரின் நீளத்துக்கு இழுத்து விட்டிருந்தான் அந்த ஆள். மண்டபமே பார்த்தது. தெய்வானை அக்காவின் தம்பி பெண்டாட்டி சத்தமாகக் கேட்டாள், "யாரு அது, அண்டாவைத் தூக்கிட்டு வர்றது?" என் கையில் இருந்தது சின்ன சந்தனக் கும்பா. அண்டா நான்தான்.

சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஒருத்தர்கூட வந்து என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. எல்.இ.டி.க்காரன், "டெக்னிக்கலா அப்படித்தான் வரும் மேடம்" என்றான். அப்படித்தான் வருமாம்! ஒரு மனுஷியின் உருவத்தை இரண்டு மடங்காக்கிவிட்டு டெக்னிக்கல் என்கிறான். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். இந்தக் குடும்பத்தில் இனி யாரையும் யாரும் இழுக்க விடமாட்டேன்.

போன தை மாதம் பெரியத்தானுக்கு மணிவிழா வந்தது. வீடியோ சுவரை நான் செய்கிறேன் என்று சொன்னேன். தெய்வானை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? மிக்ஸி ஜாரே உனக்கு நேரா உக்காராது வத்சலா."

"மிக்ஸி ஜார் தேஞ்சது அக்கா. நான் தேயலை" என்றேன்.

என் மகள் மிருணாளினி புனேயில் இருக்கிறாள். மேடைக் கச்சேரிகளுக்குப் பின்னால் ஓடுகிற வெளிச்சப் படங்கள் செய்கிற வேலை. அவளுடைய பழைய லேப்டாப் என்னிடம் இருந்தது. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விசித்திரம். எழுத்து இல்லை, வரிசை இல்லை. சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயர். கேபிள் டிவிக்காரன் வீடு மாதிரி. மகளுக்கு போன் போட்டேன்.

"அம்மா, அது வீடியோ வெட்டி ஒட்டுற சாப்ட்வேர் இல்லம்மா. அது புரோகிராமிங்."

"எழுத்தையே காணோமே?"

"எழுதாம, பெட்டியை வயரால கோத்துப் பண்றது. ஒரே நேரத்துல நிறைய வீடியோ ஓடணும்னா அதுதான் சரி. ஆனா உனக்குப் பொறுமை கிடையாது. விட்டுடு."

"உன்னை வளர்த்திருக்கேன். அதைவிடப் பொறுமையா வேணும்?"

அவள் போனை வைத்துவிட்டாள். நான் வைக்கவில்லை.

இதை நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும், இதில்தான் எல்லாம் இருக்கிறது. சுவர் நீளமாக இருக்கிறது. எங்கள் வீட்டார் அனுப்பிய வீடியோவில் முக்கால்வாசி செல்போனில் எடுத்தது, நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதனால் சுவரை ஏழு கதவாகப் பிரித்தேன். வரிசையாக ஏழு உயரமான கதவு, ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோ. நல்ல யோசனைதானே? ஆமாம். ஆனால் பழைய கல்யாண கேசட்டுகளும் இருந்தன. அவை படுத்த மாதிரி அகலமாக இருக்கும். அகலமான படத்தைக் கதவுக்குள் விட்டதும் என்ன ஆயிற்று? பெட்டி அதைக் கதவின் அளவுக்கு இழுத்துவிட்டது. என் மாமனார், பாவம் போய்ச் சேர்ந்துவிட்டார், கேசட்டில்தான் இருக்கிறார், ஊதுபத்தி மாதிரி நின்றார். பெரியத்தானும் தெய்வானை அக்காவும் மணக்கோலத்தில் இரண்டு குடைக் கம்பிகள்.

விட்டேனா? எங்கள் பள்ளியில் சிஸ்டர் அனுன்சியாட்டா கணக்கு எடுப்பார். ரேஷியோ நடத்தும்போது கையில் மரக்கட்டை ஸ்கேல் இருக்கும். ஒரு பக்கத்தை எதால் பெருக்குகிறாயோ மறுபக்கத்தையும் அதாலேயே பெருக்கு, இல்லையென்றால் விரல் முட்டியில் ஒன்று. எத்தனையோ வாங்கியிருக்கிறேன், வீண் போகவில்லை. கதவின் அகலத்தைப் படத்தின் அகலத்தால் வகுக்க வேண்டும். கதவின் உயரத்தைப் படத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். இரண்டு விடை வரும். அதில் எது சின்னதோ அதை எடுத்துக்கொண்டு, அகலம் உயரம் இரண்டையும் அதாலேயே பெருக்க வேண்டும். படம் முழுசாக உள்ளே போய் உட்காரும். யார் மூக்கும் கோணாது. வகுக்க ஒரு பெட்டி, சின்னதைப் பொறுக்க ஒரு பெட்டி, பெருக்க ஒரு பெட்டி. வயரைக் கோத்தேன். மாமனார் மாமனாராக வந்தார். நான் சமையலறைக்குப் போய் எனக்கென்று தனியாக ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெய்வானை அக்கா வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். எல்லாரும் இருந்தார்கள். செல்போன் வீடியோவெல்லாம் கதவு நிறைய வந்தது. கேசட் வீடியோ வந்தபோது, அகலப் படம் இல்லையா, கதவின் நடுவில் படம், மேலேயும் கீழேயும் வெறும் இடம். வெறும் இடம் கருப்பாகத்தானே இருக்கும்?

தெய்வானை அக்கா சோபாவை விட்டு எழுந்தே விட்டார். "என்ன வத்சலா இது? எங்க கல்யாணப் படத்துக்கு மேல கருப்பு, கீழ கருப்பு? மணிவிழாவுல தலைக்கு மேல கருப்பைக் கட்டித் தொங்க விடுவியா?"

"அது கருப்பு இல்லக்கா. ஒண்ணும் இல்லாத இடம்."

"ஒண்ணும் இல்லாததை எதுக்குக் காட்டுற? ரெண்டு இழுப்பு இழுத்து விடு, ரொம்பிடும்."

"இழுக்க மாட்டேன்."

"மஞ்சளாவது போடு."

போட்டுப் பார்த்தேன். படத்திலிருந்தவர்களுக்கெல்லாம் காமாலை வந்த மாதிரி இருந்தது. பெரியத்தான் மட்டும், "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் சொல்வதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு விடையில் சின்னதை எடுக்கிறோம் இல்லையா, அதற்குப் பதில் பெரியதை எடுத்தால்? ஒரே ஒரு பெட்டியில் ஒரே ஒரு மாற்றம். படம் பெரிதாகிக் கதவை முழுக்க நிறைத்துவிடும். இழுப்பு இல்லை, கருப்பும் இல்லை. இரண்டு பக்க ஓரமும் கதவுக்கு வெளியே போய்விடும், அவ்வளவுதான். நடுவில் இருக்கிறவர்கள் ஜம்மென்று பெரிதாகத் தெரிவார்கள். தெய்வானை அக்கா நடுவில்தான் இருக்கிறார். "இதைத்தான் முதல்லயே கேட்டேன்" என்றார். அவர் கேட்கவே இல்லை.

ரெஜினா எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, ஏழு கதவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவளே சொன்னாள், நல்லா இருக்கு என்று. அவள் வாயால். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை.

ஏனென்றால் விஷயம் என்னவென்றால், அந்தக் கேசட்டுகளில் எல்லாம் ரெஜினா ஓரத்தில் நிற்கிறாள். என் நாத்தனார் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதை எடுத்தாலும் ஓரம். அதற்கு நான் என்ன செய்ய? நாத்தனார் கல்யாணத்தில் நான்தான் சொன்னேன், "ரெஜினா, நீ அந்தக் கடைசிக்குப் போ, பட்டுப்புடவைக்காரங்க சேர்ந்தாப்பல நிக்கட்டும்" என்று. அவள் ஏதோ வெளிர் நீலத்தில் கட்டியிருந்தாள். கலர் பொருத்தம் பார்க்க வேண்டாமா? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவளாகவே போய் ஓரத்தில் நின்றுகொள்வாள். பழக்கம். நான் யாரையும் வெட்டவில்லை. பெட்டி வெட்டியது. கணக்கு அப்படி.

மணிவிழா அன்று காலையில் மண்டபத்தில் ஓட விட்டேன். கரூர் பைபாஸ் பக்கம் பெரிய மண்டபம். ஏழு கதவும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இருந்தது. ஒருத்தருக்கும் கன்னம் உப்பவில்லை, கால் சூம்பவில்லை. அண்டா என்றாளே, அந்தப் பெண்பிள்ளையே வந்து, "உங்க வேலையாக்கா? சூப்பர்" என்றாள். "பாத்திரக் கடை மாதிரி இல்லைல்ல?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, போதும்.

நான் லேப்டாப்போடு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காது கிழிகிற இடம், யாரும் உட்கார மாட்டார்கள். ரெஜினாவின் அம்மா வியாகுலம் அம்மாள் மட்டும் அங்கே ஒரு நாற்காலியில் இருந்தார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதெல்லாம் தெய்வானை அக்கா பார்க்கிற வேலை. நல்ல சலவைப் புடவை, தலை நிறைய எண்ணெய், மடியில் ஒரு மக்ரூன் இனிப்புப் பொட்டலம். சுவரையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மவ எப்பம்மா வருவா இதுல?" என்று என்னைக் கேட்டார்.

"வருவா, வருவா" என்றேன். எனக்கு வேலை இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "குமரன் மாப்பிள்ள வந்துட்டாவ. எம்மவளைக் காணமே?"

மூன்றாவது கதவில் கிரகப்பிரவேசக் கேசட் ஓடியது. நடுவில் தெய்வானை அக்கா, பக்கத்தில் நான், பால் பொங்குகிறது. அப்போது ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. கை மட்டும். தட்டில் டம்ளர்களோடு உள்ளே நீண்டது, நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம், கை போய்விட்டது.

வியாகுலம் அம்மாள் நாற்காலியில் துள்ளிவிட்டார். "அந்தா! அது எம்மவ கைல்லா! அந்தக் காப்பு நான் போட்டதுல்லா!" பக்கத்தில் யாரும் இல்லை, என் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியளா? எம்மவ கை! இன்னொரு வாட்டி வருமாம்மா?"

கை வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு குறை சொல்லியிருந்தால் நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

நான் அந்தப் பெட்டியைத் திறந்து பெரியதை எடுத்துவிட்டு மறுபடியும் சின்னதைப் போட்டேன். அவருக்காக இல்லை. ஐந்தாவது கதவில் பெரியத்தானின் காது ஒன்று வெட்டுப்பட்டிருந்தது, எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. காது இல்லாமல் மணிவிழா நாயகரைக் காட்ட முடியுமா? அதற்காகத்தான்.

கேசட் படமெல்லாம் சட்டென்று உள்வாங்கின. மேலே கருப்பு, கீழே கருப்பு. நடுவில் எல்லாரும் முழுசாக. நடுவிலிருந்து ஓரம் வரை, ஓரத்தில் வெளிர் நீலப் புடவை. அடுத்த கதவில் பச்சைப் புடவை, இடுப்பில் குழந்தை. அதற்கடுத்ததில் பாதி திரும்பின முகம். வியாகுலம் அம்மாள் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றே பார்த்தார்.

தெய்வானை அக்கா மணையில் உட்கார்ந்திருந்தவர், ஐயர் கலசத்தைத் தூக்குகிற நேரத்தில் எழுந்து வந்தார். கழுத்தில் மாலையோடு வந்தார். வந்த வேகத்தில் பூ உதிர்ந்தது.

"வத்சலா! கருப்பு!"

"தெரியுது."

"சபையில என் தலைக்கு மேல கருப்பு நிக்குது. எடு!"

"உங்க தலையில அடிச்சிருக்கீங்களே, அது என்ன கலருக்கா?" என்றேன்.

சொன்னது அதிகம் என்கிறீர்களா? காலையில்தான் டை அடித்திருந்தார், காதோரம் கறைகூடப் போகவில்லை. உண்மையைத்தானே சொன்னேன்? எல்.இ.டி.க்காரனைக் கூப்பிட்டு, "நீ இழுத்து விடுப்பா" என்றார். அவன் கையை நீட்டினான். "தொட்டா மொத்த வயரையும் பிடுங்கிடுவேன். ஏழு கதவும் கருப்பாயிடும், பரவாயில்லையா?" என்றேன். கையை எடுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து கண்ணால் கெஞ்சினார். அவர் கண்ணுக்கு அந்த வேலையே பழக்கம், நான் பார்க்கவில்லை.

அதற்குள் சபையில் பேச்சு பரவிவிட்டது. ரெஜினாவைக் காட்டத்தான் கருப்பு வந்ததாம். அவளுக்காகத்தானாம். கேட்டீர்களா அநியாயத்தை? கணக்குப் போட்டது நான், பெட்டியை மாற்றினது நான், பேர் அவளுக்கு. கோபமான கோபம் எனக்கு.

ரெஜினாவே வந்தாள், பரிமாறுகிற கரண்டியோடு. "அக்கா, பழையபடி மாத்திடுங்கக்கா. என்னால பிரச்சினை வேணாம்."

"உன்னால என்னடி? இது ரேஷியோ. உனக்கு அதெல்லாம் புரியாது. போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு."

"பந்தி நடக்குதுக்கா."

"நடக்கட்டும். உன் கை இல்லாம சோறு எலைக்கு வராதா? உக்காருடி!"

உட்கார்ந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதற்கு நன்றி, பெரியத்தான் காதுக்காகச் செய்ததற்கு? அம்மாவும் மகளும் சுவரைப் பார்த்தார்கள். வியாகுலம் அம்மாள் ஒரே ஒரு தடவை, "மெலிஞ்சிருக்கியே பிள்ளே" என்றார். நான் குறுக்கே புகுந்து, "மெலிவெல்லாம் இல்லம்மா, அதுதான் அவ நிஜ அளவு. நான் யாரையும் இழுக்கலை, அமுக்கலை" என்று விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் மேடையில் குடும்பப் போட்டோ. எல்லாரும் ஏறினோம். ரெஜினா வழக்கம்போல ஓரத்துக்குப் போனாள். நான் அவளுக்கு முன்னால் போய் அங்கே நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் ஏர்கூலர் இருந்தது, எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேறு ஒன்றும் இல்லை.

"அக்கா, உங்க இடம் நடுவுலக்கா" என்றாள்.

"எனக்குக் காத்து வேணும். நீ உள்ள போ, கூட உங்கம்மாவையும் கூப்பிட்டுக்க."

தெய்வானை அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். வியாகுலம் அம்மாள் பொட்டலத்தோடு மேடை ஏறினார். இடம் நெருக்கமாகிவிட்டது. போட்டோக்காரர் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"ஓரத்து மேடம், கொஞ்சம் உள்ள வாங்க. கட்டாகுது."

"உள்ள இடமில்ல. நீங்க பின்னால போங்க."

"பின்னாடி செவுரு மேடம்."

"அது உங்க கஷ்டம். நான் நகரமாட்டேன்."

"கட்டாகும் மேடம், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"எடுய்யா!" என்றேன்.

எடுத்தார். தெய்வானை அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, ஆனால் குடும்ப குரூப்பில் அந்தப் போட்டோவை முதலில் போட்டது அவர்தான். வேண்டுமென்றே. இதோ, போனில் இருக்கிறது, பாருங்கள். நடுவில் மாலையோடு இருப்பது அவரும் பெரியத்தானும். இது ரெஜினா, இது அவள் அம்மா, பொட்டலத்தைக் கீழே வைக்கச் சொன்னால் வைக்கவில்லை. இந்த ஓரத்தில் நான். பாதி முகம்தான் வந்திருக்கிறது, ஒரு கண், ஒரு காது. வரட்டும். வந்திருக்கிற பாதி சரியான அளவில் இருக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.